ஹார்போர்ட் வீதியில் சொல் வெட்டியவர்கள்

கணினி படித்த பிள்ளைகள் யாராவது ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்தால் நான் அவர்களைச் சி.என். கோபுரத்துக்குக் கூட்டிப்போவதில்லை. சென் ஜோர்ஜ் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் இறங்கி, தெற்கே கொஞ்சம் நடந்து, 25 ஹார்போர்ட் வீதிக்குக் கூட்டிப்போவேன். ராம்சி ரைட் கட்டடம். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. அறுபதுகளின் மற்றப் பல்கலைக்கழகக் கட்டடங்கள் மாதிரி அதுவும் ஒரு பெட்டி. எண்பதுகளில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை அதற்குள் இருந்தது. அந்தத் துறையின் யுனிக்ஸ் கணினியைப் பராமரித்தவர் ஹென்றி ஸ்பென்சர். 1986 தொடக்கத்தில் அவர் ஒரு சிறு நிரலை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வலையமைப்பில் விட்டார். எழுத்துக்குள் தேடுவதற்கும் எழுத்தை வெட்டுவதற்கும் உலகம் பிறகு பயன்படுத்திய கத்திகளில் பெரும்பங்கு அந்தப் பட்டறையில் அடித்தது என்று சொன்னால் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். விலங்கியல் துறையிலா?

தேடல் என்றவுடன் எல்லாருக்கும் கண்டுபிடிப்பதுதான் ஞாபகம் வரும். அதற்கு முன்னால் நடக்கிற வேலையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் கணினிக்குள் வரும்போது அது வெறும் எழுத்து வரிசை. எங்கே ஒரு சொல் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, காற்புள்ளியை எறிவதா வைப்பதா என்று முடிவுசெய்து துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அட்டவணை போட வேண்டும். வெட்டு பிழைத்தால் அட்டவணை பிழைக்கும். அட்டவணையில் இல்லாத சொல்லை எந்தக் கொம்பனாலும் தேடி எடுக்க முடியாது. இந்த வெட்டும் வேலைக்குக் கணினிக்காரர் ஐம்பது வருடமாகக் கையில் வைத்திருக்கும் ஆயுதம் ரெகுலர் எக்ஸ்பிரஷன். வேலைத்தலத்தில் ரெஜெக்ஸ் என்போம். ‘இந்த வகை எழுத்து ஒன்றோ பலவோ, அதற்குப் பிறகு இது, அல்லது அது’ என்று ஒரு வடிவத்தைக் குறிகளால் எழுதிக் கொடுத்தால், அந்த வடிவத்துக்குப் பொருந்தும் இடங்களைக் கணினி பொறுக்கித் தரும்.

பிறந்தபோது அதற்கும் சொல்லுக்கும் தொடர்பில்லை. 1943இல் மக்கலக், பிட்ஸ் என்ற இருவர் மூளை நரம்புகளைக் கணித மாதிரியாக எழுதினார்கள். அந்த வலைகள் எவ்வகை நிகழ்வுகளை அடையாளம் காணும் என்று ஆராய்ந்த ஸ்டீபன் கிளீனி என்ற கணிதர், 1956இல் வெளிவந்த கட்டுரையில் இந்தக் குறிமுறையை வைத்தார். ரெஜெக்ஸில் ‘எத்தனை தடவையும் வரலாம்’ என்பதற்கு இன்றும் போடும் நட்சத்திரக் குறி அவருடையது. பெல் ஆய்வுகூடத்தின் கென் தொம்சன் 1968இல் அதை எழுத்துக்குள் தேடும் வழியாக மாற்றினார். 1973இல் ‘கிரெப்’ என்ற கட்டளை வந்தது. லீ மக்மஹொன் என்ற சக ஊழியர், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எது யார் எழுதியது என்று சொற்பயன்பாட்டை வைத்து ஆராய விரும்பினார். கட்டுரைகள் மொத்தமாக அன்றைய எடிட்டருக்குள் அடங்கவில்லை. தொம்சன் எடிட்டரின் தேடும் பகுதியை மட்டும் பிய்த்தெடுத்து ஒரே இரவில் தனி நிரலாக்கிக் கொடுத்தார். இந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னவர் பிரையன் கெர்னிகன். அவர் 1942இல் ரொறன்ரோவில் பிறந்தவர், 1964இல் இதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் பௌதிகம் படித்து முடித்தவர். அவருக்கு ஒரு வருடம் முன்னால் அதே படிப்பை முடித்தவர் அல்பிரட் ஆஹோ, வட ஒன்ராறியோவின் தங்கச் சுரங்க ஊரான டிம்மின்ஸில் பிறந்தவர். இருவரும் பிரின்ஸ்டனுக்குப் போய், அங்கிருந்து பெல் ஆய்வுகூடத்துக்குப் போனார்கள். ஆஹோவும் மார்கரெட் கொரசிக்கும் 1975இல் எழுதிய கட்டுரை, பல தேடுசொற்களை ஒரே ஓட்டத்தில் தேடும் வழியைச் சொன்னது. நூற்பட்டியலில் தேட உதவுவதற்காக என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். 1977இல் வந்த ‘ஓக்’ என்ற மொழியின் பெயர் மூன்று பேரின் முதலெழுத்து. அதில் இரண்டு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுடையது. வரியை வெட்டித் துண்டுக்கு ஒரு இலக்கம் கொடுப்பதே அந்த மொழியின் முதல் வேலை.

ஆனால் பெல்லில் செய்த சரக்கு பெல்லின் தாய் நிறுவனமான ஏ.டி. அன்ட் டி.யின் உரிமத்துக்குள் இருந்தது. பல்கலைக்கழகங்கள் வாங்கிப் பயன்படுத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. ஸ்பென்சர் செய்த கெட்டித்தனம் இதுதான்: யுனிக்ஸ் எட்டாம் பதிப்பில் ரெஜெக்ஸுக்கு என்று இருந்த நிரல் தொகுப்பின் கையேட்டுப் பக்கத்தை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் நிரலைத் தொடாமல், வெளியே இருந்து பார்த்தால் அதேமாதிரி நடந்துகொள்ளும் ஒன்றைத் தானாக எழுதினார். தலைப்பில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் உரிமைக் குறிப்பைப் போட்டு, உரிமத்துக்குட்பட்ட எதிலிருந்தும் எடுக்கவில்லை என்று எழுதினார். நிபந்தனைகள் மிகக் குறைவு: எழுதியது யார் என்று பொய் சொல்லாதே, மாற்றினால் மாற்றியதைச் சொல், வில்லங்கம் வந்தால் என்னிடம் வராதே.

1988 ஜூனில் வந்த பேர்ள் மொழியின் இரண்டாம் பதிப்பு இந்த நிரலை எடுத்துக்கொண்டு தன் சொந்தக் குறிகளைச் சேர்த்தது. பிறகு ஸ்பென்சர் பெர்க்லி யுனிக்ஸுக்கென்று இன்னொன்றை முதலிலிருந்து எழுதினார். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் நெடுங்காலம் பயன்படுத்தியது அதைத்தான். மூன்றாவது தடவையாக எழுதியது 1999இல் டிசிஎல் மொழியின் 8.1ஆம் பதிப்பில் வந்தது. அதை 2003இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் தன் 7.4ஆம் பதிப்புக்குள் எடுத்தது. ஒரே வேலையை மூன்று தடவை புதிதாகச் செய்த மனிதர். குறையும் இருந்தது. தொம்சனின் வழி எல்லாப் பாதைகளிலும் ஒரே நேரத்தில் நடக்கும். ஸ்பென்சரின் 1986 நிரல் ஒரு பாதையில் போய், முட்டினால் திரும்பி வந்து அடுத்ததைப் பார்க்கும். வடிவத்தின் எந்தப் பகுதி எதைப் பிடித்தது என்று சொல்ல அது வசதி. ஆனால் வடிவத்தை மோசமாக எழுதினால் திரும்பித் திரும்பி நடந்தே காலம் போய்விடும். அந்த நடையைப் பின்பற்றிய பிற்கால இயந்திரம் ஒன்றில் எழுதிய ஒரே ஒரு வடிவம்தான் 2019 ஜூலை 2ஆம் திகதி கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின் வலையமைப்பை அரை மணிநேரம் படுக்கவைத்தது. 1986இல் அந்த நிரலை எழுதியவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது சின்னச் சின்ன வரிகள். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

ஸ்பென்சர் எதையும் எறியாத ஆளும்கூட. யூஸ்நெட் என்ற பழைய செய்தி வலைக்கு வந்ததையெல்லாம் அந்த விலங்கியல் கணினியிலிருந்து காந்த நாடாவில் எடுத்து வைத்தார். 1981 முதல் 1991 வரை, 141 நாடாக்கள். அவற்றை ஒன்ராறியோவின் லண்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் டேவிட் வைஸ்மன் என்பவர் பொறுமையாகப் படியெடுத்தார். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள். 2001 டிசம்பரில் கூகிள் தன் பழைய செய்திக் களஞ்சியத்தைத் திறந்தபோது அதன் தொடக்க வருடங்கள் பெரும்பாலும் இந்த நாடாக்களிலிருந்து வந்தவை. தேடும் கருவி, தேடப்படும் எழுத்து, இரண்டும் ஒரே அறையிலிருந்து.

ஹார்போர்ட் வீதியைக் கடந்தால் ரொபார்ட்ஸ் நூலகம். மயிலைப் போலக் கட்டினார்கள் என்று சிலரும் வான்கோழி என்று மாணவரும் சொல்லும் அந்தக் கொங்கிரீட் மலைக்குள், சொல் வெட்டுவதை முற்றிலும் வேறு விதமாகப் பார்த்த கூட்டம் இருந்தது. பழைய ஆங்கில அகராதித் திட்டத்தை அங்கஸ் கமெரன் 1970இல் ரொறன்ரோவில் தொடங்கினார். கிட்டத்தட்ட கி.பி. 600 முதல் 1150 வரையான ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் எழுத்து முழுவதையும், முப்பது லட்சம் சொல் அளவில், கணினிக்குள் ஏற்றினார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘தோர்ன்’, ‘எத்’, ‘ஆஷ்’ என்று இன்றைய விசைப்பலகையில் இல்லாத எழுத்துகள் உண்டு. அவை எழுத்துதானா என்று கணினியைக் கேட்டால் அது இல்லை என்றுதான் சொல்லும். அகராதிக்காரர் கணினியிடம் கேட்கவில்லை. இவையும் எழுத்து என்று அதற்குச் சொன்னார்கள். 1980இல் ரிச்சர்ட் வெனஸ்கியும் அன்ரனெட் டிபவுலோ ஹீலியும் ஒவ்வொரு சொல்லும் வரும் இடங்களையெல்லாம் அதன் சூழலோடு தொகுத்து மைக்ரோபிஷ் தாள்களில் வெளியிட்டார்கள். ‘அன்ட்’ மாதிரி வரிக்கு வரி வரும் சொற்களை ஒதுக்கி வைத்து 1985இல் தனியாகத் தந்தார்கள். அற்பச் சொற்களைப் பிற்காலத் தேடுபொறிகள் பல எறிந்தன. அவர்கள் எறியவில்லை, பிந்திக் கொடுத்தார்கள்.

அதே வளாகத்தில் ஜோன் பிராட்லி ‘டாக்ட்’ என்ற மென்பொருளை எழுதினார், 1989இல் வெளிவந்தது, இயன் லங்காஷயரின் மனிதப்பண்பியல் கணிப்பு மையம் அதை எங்கும் பரப்பியது. டாஸ் கணினியில் ஓடும் கறுப்புத் திரை. நான் அதை முதலில் திறந்தபோது என்னை நிறுத்தியது ஒரு விடயம்: அட்டவணை போடுவதற்கு முன் உங்கள் எழுத்துவரிசையை நீங்களே கொடுக்கலாம். எது எழுத்து, எது எழுத்தின் மேல் ஏறும் குறி, எது சொல்லைப் பிரிப்பது, எது எதற்குப் பின்னால் வரிசைப்படும், எல்லாம் உங்கள் கையில். பிரெஞ்சுக்காரருக்கு ஒரு பட்டியல், லத்தீன் படிப்பவருக்கு இன்னொன்று. மொழியைத் தெரிந்தவன் வந்து சொல்லட்டும் என்று மென்பொருள் காத்திருந்தது.

வீதியின் தென்புறம் ஜெயித்தது, வடபுறம் தோற்றது. காரணம் தரமல்ல. ரெஜெக்ஸ் நிரல் சிறியது, இலவசம், எந்த மென்பொருளுக்குள்ளும் செருகலாம். டாக்ட் ஒரு முழு மென்பொருள். டாஸோடு அதுவும் போனது. பேர்ள் தந்த குறிகளில் ஒன்று பின்சாய்கோட்டுக்குப் பிறகு ‘டபிள்யூ’ போடுவது: ‘சொல்லில் வரும் எழுத்து’ என்று அதற்குப் பொருள். அந்த எழுத்துகள் எவை? ஆங்கிலத்தின் இருபத்தாறு, பத்து இலக்கம், ஓர் அடிக்கோடு. எந்த மனித மொழியின் சொல்லிலும் அடிக்கோடு வராது. சி மொழியில் நிரலாளர் மாறிகளுக்கு வைக்கும் பெயரில் வரும். நிரலுக்கான இலக்கணத்தை எடுத்து மனிதரின் எழுத்தை வெட்டக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தின் ‘டோன்ட்’டையே அது நடுவில் இருக்கும் மேற்காற்புள்ளியில் இரண்டாக்கிவிடும். பேர்ளை எழுதிய லாரி வோல் மொழியியல் படித்தவர் என்பது எனக்கு இன்னும் ஆறாத வியப்பு.

தமிழுக்கு என்ன நடந்தது என்று சொல்ல நான் ஹார்போர்ட் வீதியிலிருந்து தமிழர் வாழும் ஸ்காபரோவுக்கு வரவேண்டும். ஸ்பென்சரின் நிரல் வெளிவந்த அதே 1986இல், ஓகஸ்டில், 155 தமிழர் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து மீட்கப்பட்டார்கள். அடுத்த பத்து வருடத்தில் ரொறன்ரோ தமிழ் வாரப் பத்திரிகைகளின் ஊராகிவிட்டது. கடை வாசலில் அடுக்கியிருக்கும், காசில்லை, எடுத்துக்கொண்டு போகலாம். அவற்றில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி தமிழ் மாதிரித் தெரியும். கணினிக்குள்ளே அது ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்று அடிக்க விரல் தட்டுவது ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். ‘இ’ இருப்பது காற்புள்ளி விசையில்.

இப்போது இதை ஓர் ஆங்கிலத் தேடுபொறியிடம் கொடுங்கள். ‘இலங்கை’ உள்ளே இப்படி இருக்கிறது: காற்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப். நிறுத்தக் குறிகள் எல்லாம் வெட்டும் இடம் என்று ரெஜெக்ஸுக்குச் சொல்லியிருக்கிறது. ஆகவே முன்னால் இருக்கும் ‘இ’ போகும். நடுவில் புள்ளி போகும். மிஞ்சுவது ‘லங’, ‘கை’ என்று இரண்டு துண்டு. அந்தக் ‘கை’ அதன் கண்ணுக்கு ‘இஃப்’ என்ற ஆங்கிலச் சொல். அது அற்பச் சொற்களின் பட்டியலில் உள்ளது. அதையும் தூக்கி எறிந்துவிடும். இலங்கையைப் பற்றி வாராவாரம் பக்கம் பக்கமாக எழுதிய ஒரு சமூகத்தின் பத்திரிகைக் கோப்புகளில் இலங்கையைத் தேடினால் அட்டவணையில் கிடப்பது ‘லங’.

யுனிகோட் வந்தால் எல்லாம் சரியாகும் என்றோம். தமிழ் 1991இலேயே யுனிகோட்டின் முதல் பதிப்பில் இருந்தது. பத்திரிகைக் கோப்புகள் அதற்குள் வர இன்னும் பல வருடம் எடுத்தது. வந்த பிறகும் பைத்தான் மொழியில் அதே ‘டபிள்யூ’ குறியால் ‘தமிழ்’ என்பதை வெட்டிப் பாருங்கள். ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு விழும். இகரக் குறியையும் புள்ளியையும் யுனிகோட் எழுத்து என்ற வகையில் சேர்க்கவில்லை, எழுத்தோடு ஒட்டும் குறி என்ற வகையில் வைத்திருக்கிறது. பைத்தானின் ரெஜெக்ஸ் அந்த வகையை எண்ணுவதில்லை. வழி இருக்கிறது: தமிழுக்கான யுனிகோட் பகுதி முழுவதையும் சதுர அடைப்புக்குள் வீச்சாகக் கொடுத்து, பின்னால் ஒரு கூட்டல் குறி போட வேண்டும். டாக்ட் கேட்ட எழுத்துவரிசையை நாமே முதுகில் சுமந்துகொண்டு போய்க் கொடுக்கிற மாதிரி.

வெட்டிய பிறகுதான் தமிழின் சொந்தச் சிக்கல் தொடங்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய பத்திரிகைக்காரர் தன் கோப்புகளை ஒரு வன்தட்டில் போட்டுத் தந்தார். அவருக்கு வேண்டியது அரசியல் கட்டுரைகள் இல்லை. “தம்பி, மரண அறிவித்தலுகளை மட்டும் எடுத்துத் தாரும். எங்கட ஊர் ஆக்கள் எத்தினை பேர் இஞ்ச செத்திருக்கினம் எண்டு ஒருத்தரிட்டயும் கணக்கில்லை.”

மரண அறிவித்தல் ரெஜெக்ஸுக்கென்றே எழுதிய இலக்கியம். எந்தப் பத்திரிகையிலும் ஒரே வாய்பாடு: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதி காலமானார். ‘பிறப்பிடமாகவும்’ என்பதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பிடித்தால் ஊர் கைக்கு வந்துவிடும். வருவது வேற்றுமை உருபோடு: கரவெட்டியைப், வேலணையைப், கொக்குவிலைப், யாழ்ப்பாணத்தைப். வாலை வெட்ட வேண்டும். ‘யைப்’ என்று முடிந்தால் அதை நீக்கு என்று ஒரு விதி எழுதினால் கரவெட்டி, வேலணை, சாவகச்சேரி எல்லாம் ஒழுங்காக வரும். மானிப்பாயைப் மட்டும் மானிப்பா ஆகும், ஏனென்றால் அந்த ய் உருபுக்காக வந்ததல்ல, ஊரின் சொந்த எழுத்து. ‘வைப்’ என்பதை நீக்கு என்றால் ஸ்காபரோவைப் ஸ்காபரோ ஆகும். நெடுந்தீவைப் நெடுந்தீ ஆகும், புங்குடுதீவைப் புங்குடுதீ. அங்கே வ் தீவின் வகரம், போனது உகரம். எங்கே உடம்படுமெய் தோன்றும், எங்கே உகரம் கெடும் என்று நன்னூல் விதித்திருக்கிறது. விதியை முன்னோக்கிப் போடுவது சுலபம், பத்தாம் வகுப்புப் பிள்ளை போடும். விளைவைப் பார்த்து மூலத்துக்குத் திரும்பிப்போவதற்கு நன்னூல் மட்டும் போதாது; தீவுப்பகுதியில் எந்தெந்த ஊர் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு செய்தவர்கள் இந்த வேலையைக் கையாலேயே செய்தார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம் 1967க்கும் 1970க்கும் இடையில் மூன்று பாகங்களாக வெளியிட்ட சொல்லடைவில், சந்தி பிரிக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தமிழ்ப் புலவரின் தீர்ப்பு இருக்கிறது. வடிவத்துக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. பொருந்துகிறதா இல்லையா, அவ்வளவுதான்.

கடைசியில் நான் கோப்புகளைப் போஸ்ட்கிரெஸுக்குள் போட்டேன். ஸ்பென்சரின் மூன்றாவது ரெஜெக்ஸ் அதற்குள் இருக்கிறது என்பது ஒரு காரணம். ரொறன்ரோக்காரனின் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஒக்டோபரில் வந்த அதன் 12ஆம் பதிப்பில் தமிழ்ச் சொற்களின் விகுதியைக் களைந்து வேரை எடுக்கும் கருவியும் சேர்ந்தது. ஸ்னோபோல் என்ற திறமூலத் திட்டத்துக்கு அதைச் செய்து கொடுத்தவர் தாமோதரன் ராஜலிங்கம். போஸ்ட்கிரெஸ் தேடலுக்காகச் சொல்லை வெட்டும் பகுதியின் மூலநிரலைத் திறந்தால், எழுத்தென்று கணினி ஏற்காத உயிர்க்குறிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். தமிழின் அரவும் (‘ா’) அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு நிரலாளர் வைத்த பெயர் ‘விநோத எழுத்து’. விநோதமோ இல்லையோ, பட்டியலில் சேர்த்தார்களே.

வேர் எடுக்கும் கருவிக்கு வீட்டை, வீட்டுக்கு, வீட்டில் மாதிரிச் சொற்கள் பிரச்சினையில்லை. ஊர்ப் பெயருக்கு அதை நான் நம்புவதில்லை. ஊர்ச் சங்கங்கள் வருடா வருடம் வெளியிடும் மலர்களிலிருந்து பெயர்களைப் பொறுக்கித் தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். ரெஜெக்ஸ் பிடித்த துண்டு முதலில் அந்தப் பட்டியலோடு ஒப்பிடப்படும், பொருந்தாவிட்டால்தான் அதன் வாலை வெட்டுவேன். பிறப்பிடங்களின் பட்டியல் அநேகமாக முடிந்துவிட்டது. வதிவிடங்களின் பட்டியல் முடிகிற மாதிரித் தெரியவில்லை. ரொறன்ரோ, ரொரன்ரோ, டொரன்டோ, டொராண்டோ. ஸ்காபரோ, ஸ்கார்பரோ, ஸ்காபுறோ. அடைப்புக்குறிக்குள் இவற்றையெல்லாம் நிமிர்ந்த கோடுகளால் பிரித்துப் போட்டிருக்கிறேன். இப்போது மார்க்கமும் ஏஜக்ஸும் வரத் தொடங்கிவிட்டன. ஏஜக்ஸை எஜாக்ஸ் என்றும் அஜக்ஸ் என்றும் அடிக்கிறார்கள்.